எவிடென்ஸ் டப்பா

அந்தப் பை மேல கால் படாமப் பாத்துக்கங்க தம்பி. இல்லீங்க, மேல வெக்க முடியாது, குலுங்கும். இந்தா, என்ற மடியிலயே வெச்சுக்கறேன், நீங்க காலை நல்லா நீட்டி உக்காருங்க. சோத்து டப்பாவுக்கு இவ்வளவு பவுசான்னு பாக்கறீங்களா? உள்ள சோறு இல்லீங்க. சொல்றேன். காட்பாடிதான் தாண்டியிருக்குது, கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்குது.

ஒட்டுக் கேட்டேன்னு நெனைக்காதீங்க. நீங்க போன்ல சத்தமாப் பேசினீங்க, காதுல விழுந்துருச்சு. மூணு நாள் குழந்தைங்களா? பொண்ணா? மகாலட்சுமிங்க. மஞ்சக்காமாலைன்னு லைட்டுல வெச்சிருக்காங்கன்னு சொன்னீங்க. அதுக்கெல்லாம் மனசை விடாதீங்க. பத்துக் குழந்தைல ஆறுக்கு வரும். நாலு நாள் நீல வெளிச்சத்துல படுக்கப் போட்டா வடிஞ்சிரும். கண்ணை மூடித் துணி கட்டியிருப்பாங்க, பாக்கறதுக்குத்தான் பாவமா இருக்கும். நீங்க சொன்ன ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். தெரியுமென்னங்க, இருபத்தெட்டு வருசமா அங்கதான் எனக்குச் சோறு. பேரு நாச்சிமுத்து. டாக்டரு இல்லீங்க. டாக்டருங்க கையில புடிக்கற அத்தனை மிசினையும் கழட்டி மாட்டறவன். உங்க பாப்பா படுத்திருக்கற லைட்டு இருக்குதே, அது நான் மாட்டினது. அதனாலதான் பேச்சுக் குடுத்தேன்.

மெட்ராஸ்ல என்ன சோலின்னு நீங்க கேக்கலை. கேக்காட்டியும் சொல்லுவேன், வயித்தெரிச்சலை ஆருகிட்டயாவது கொட்டோணுமில்ல. ஒரு திருட்டுக் கேசுங்க. நகை நட்டு இல்லை, மூளையைத் திருடிப்போட்டான். பேட்டன்ட்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஒருத்தன் புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சா, இது இன்னார் கண்டுபுடிச்சதுன்னு கவர்மெண்டு எழுதி முத்திரை குத்திக் குடுக்கறது. அதுல என்ற பேரு வரோணும். ஒத்தைப் பேரு. அதுக்காகத்தான் இத்தனை வருசமா அலையறேன், ரயில்லயும் பஸ்ஸுலயும், இந்த வயசுல.

கொரோனா சமயத்துல விரல்ல கிளிப்பு மாட்டி ஆக்சிஜன் பாத்தமில்லீங்க, அந்தச் சாமான்தான். ஒரு பக்கம் சின்னதா ரெண்டு லைட்டு, எதுத்த பக்கம் எள்ளு அளவுக்கு ஒரு சிலிக்கான் சில்லு. அந்தச் சில்லுதான் கண்ணு. விரல் வழியா எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு அது பாத்துச் சொல்ல, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு மிசின் காட்டும். பச்சைக் குழந்தைக்கு விரல்ல மாட்ட முடியாது, பாதத்துல சுத்தி ஒட்டுவாங்க. அதுக்குப் பேரு புரோப்பு. நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா நீல லைட்டுக்குக் கீழ போட்டா, எங்க ஆஸ்பத்திரியில இருந்த மிசினுக்கு அந்தக் கண்ணு கூசிப்போகும். ஒண்ணு, சும்மாச் சும்மா கத்தும். இல்லைன்னா, அதாங்க மோசம், குழந்தை மூச்சு முட்டிக் கெடக்கும், மிசின் தொண்ணூத்தேழுன்னு காட்டிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கும். நம்ம கண்ணால பாத்தும் கண்டுபுடிக்க முடியாது. நீல வெளிச்சத்துல குழந்தை நீலம் பாரிச்சா எப்பிடித் தெரியும்?

ஐயோ, மூஞ்சி ஏனுங்க இப்பிடிப் போகுது? எல்லாக் குழந்தைக்கும் அப்பிடி ஆகாது. குறைமாசக் குழந்தைக்குத்தான் எச்சா. உங்க பாப்பா எத்தனை மாசம்? எட்டு முடியலீங்களா. செரி, செரி. நல்லா வந்துரும். இந்தக் காப்பியை வாங்கிக் குடிங்க, சூடா இருக்குது.

நான் சொல்ல வந்தது என்னன்னா, இதுக்கு மருந்து கண்டுபுடிச்சவன் நானு. பதினோரு வருசத்துக்கு முன்னால, ஒரு புரட்டாசி மாசம். அப்ப குழந்தைங்க வார்டுல ஜெபக்கனின்னு ஒரு சிஸ்டர் இருந்தா. சாத்தான்குளத்துக்காரி. என்னை அண்ணாச்சி அண்ணாச்சிம்பா. நல்ல வேலைக்காரிதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா சாமானைச் சிக்கனமா வெச்சுக்கத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் போறேன், ஒரே தொட்டில்ல ரெண்டு புரோப்பு! ஒண்ணு குழந்தை கால்ல. இன்னொண்ணு தொட்டில் விளிம்புல, மேல பாத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்குது. அதோட வயரு ஓரமாக் கெடந்த ஒரு பழைய மிசினுக்குப் போகுது. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஏனுங்க சிஸ்டர், தொட்டிலுக்கு ஆக்சிஜன் பாக்கறீங்களா?" ன்னு கேட்டேன்.

அதுக்கு அவ சொன்னா, "கோவப்படாதீங்க அண்ணாச்சி. இது ஆரையும் தொடலைல்லா? தொடாத புரோப்பு நம்பர் காட்டுச்சுன்னா அது வெளக்கு பேசுதுன்னு அர்த்தம். அப்ப பிள்ளையோட நம்பரையும் நம்பக் கூடாது. வெளக்கை அணைச்சுட்டு ஒரு தடவை பிள்ளையைப் பாத்துக்கிடுவேன்." ரெண்டு மாசமா அப்பிடித்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கா. வார்டுல மத்த சிஸ்டருங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை.

நான் அந்த ரெண்டு வயரையும் பாத்துக்கிட்டு நின்னேன். அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு தோணுச்சு. ஒரு கண்ணு குழந்தையைப் பாக்கட்டும், இன்னொரு கண்ணு விளக்கை மட்டும் பாக்கட்டும், முதல் கண்ணு சொல்றதுல இருந்து ரெண்டாவது கண்ணு சொல்றதைக் கழிச்சுப்போட்டா மிச்சம் குழந்தைதானே! இது மூளைங்க. இது ஆருக்கு வரும்? அவ சும்மா பிளாஸ்திரி ஒட்டி வெச்சா. யோசனை என்றது.

ஒரு மாசம் மத்தியானச் சோத்து நேரமெல்லாம் அதுக்கே போட்டேன். கழிச்சுக் கட்டின மிசின்ல இருந்து போர்டு எடுத்தேன், ரெண்டு கண்ணையும் ஒண்ணா இணைச்சேன், சின்னதா ஒரு திரை வெச்சேன். வெளியில இருந்து தொந்தரவு உள்ள போகாம இருக்க நல்ல எவர்சில்வர் கூடு வேணும். என்ற ஊட்டுக்காரி எனக்குச் சோறு போட்டுக் குடுக்கற டப்பாவைக் காலி பண்ணி அதுக்குள்ள மாட்டிப்போட்டேன். அதுதான் இது. இந்தா, பையத் தொறந்து காட்டறேன். ஊட்டுக்காரி பேரு மூடியில கொத்தியிருக்குது பாருங்க. ஒம்பது வருசம் அந்த வார்டுல ஓடுச்சு. ஒரு நாள் பொய் சொன்னதில்லை. பெரிய டாக்டரு கண்டும் காணாம விட்டுட்டாரு. காமாலையும் குறைமாசமும் சேந்து வந்தா, "டப்பாவுல போடுங்க" ன்னு அவரே சொல்லுவாரு. டப்பாவுல போடுங்கன்னுதான் சொன்னாரு. நாச்சிமுத்து டப்பான்னு ஒரு தடவை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?

நீங்க படிச்சவரு, உங்களுக்கு இது புரியாது தம்பி. புது ஸ்கேன் மிசின் வந்தப்ப மூணு நாள் தரையில படுத்து உருண்டு மாட்டினவன் நானு. திறப்பு விழா அன்னிக்கு ரிப்பன் கட்டி, மாலை போட்டு, கல்லுல பதினேழு பேரு பேரைக் கொத்தி வெச்சாங்க. பந்தல் போட்டவனுக்குக்கூடப் பொன்னாடை. என்னை, "நாச்சிமுத்து, கரண்ட் போச்சுன்னா பாத்துக்கோ" ன்னு ஜெனரேட்டர் ரூம்ல நிறுத்திப்போட்டாங்க. விழாவுல கை தட்டற சத்தம் ஜெனரேட்டர் ரூமுக்குக் கேட்டுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணினேன், செத்தாலும் என்ற பேரு ஒரு காயிதத்துல அச்சாகோணும்.

அச்சாச்சுங்க. அதுதான் விதி. டப்பா மாட்டின அடுத்த வருசம் நர்ஸுங்க தினத்துக்கு ஆஸ்பத்திரியில ஒரு மலர் போட்டாங்க. கவிதை, கோலம், சமையல் குறிப்பு, அதுக்கு நடுவுல ஜெபக்கனி ஒரு பக்கம் எழுதியிருந்தா. ரெண்டு புரோப்பை எப்பிடி வெக்கோணும், ஏன் வெக்கோணும், ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிக்கறது எப்பிடின்னு படம் போட்டு எழுதி, கடைசி வரியில, "இதை ஒரே டப்பாவில் அமைத்துத் தந்த அண்ணாச்சி நாச்சிமுத்து அவர்களுக்கு நன்றி" ன்னு போட்டா. கடைசி வரி! நன்றியாம்! தலைப்புல வர வேண்டியவனைக் கொண்டு போய் வாலுல கட்டினா. நான் ஒரு மாசம் அவகிட்டப் பேசலை. அவளுக்கு ஏன்னே புரியலை. "அண்ணாச்சிக்கு உடம்பு சுகமில்லையோ" ன்னு ஊட்டுக்காரிகிட்ட விசாரிச்சிருக்கா.

இப்ப வர்றான் பாருங்க திருடன். ரங்கப்பிரசாத்துன்னு ஒரு புரொபசரு. இஞ்சினீரிங் காலேஜு. சிலிக்கான் சில்லு பத்தித்தான் ஆராய்ச்சி. வார்டுக்கு வந்தவன் டப்பாவைப் பாத்துட்டு ஒரு மணி நேரம் நின்ன இடத்தை விட்டு நகரலை. "நாச்சிமுத்து சார், இதை இவ்வளவு பெருசா வெக்க வேண்டியதே இல்லை சார். ரெண்டு கண்ணையும் ஒரே சில்லுல செஞ்சிரலாம். முதுகுக்கு முதுகு. பிளாஸ்திரிக்குள்ளயே அடங்கிரும். நாட்டுல இருக்கற எல்லா கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கும் குடுக்கலாம்" ன்னான். சாரு போட்டுப் பேசினான், மயங்கிப்போட்டேன். ரெண்டு வருசம் வந்தான் போனான். டப்பாவை அளந்தான், படம் எடுத்தான், ஜெபக்கனிகிட்ட உக்காந்து நோட்டு நோட்டா எழுதினான். கடைசியில சில்லைச் செஞ்சும்போட்டான். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி, பேட்டன்ட் மட்டும் வாங்குங்க, நாங்க செஞ்சு தாரோம்னு நின்னுச்சு.

ஒரு நாள் கேண்டீனுக்கு வந்தான், கையில பேட்டன்ட் பாரம். கண்டுபுடிச்சவங்க பேருன்னு ஒரு கட்டம். அதுல மூணு பேரு. முதல்ல ஜெபக்கனி. ரெண்டாவது நாச்சிமுத்து. மூணாவது ரங்கப்பிரசாத். மூணு பேரும் கையெழுத்துப் போடோணும்.

"இது என்னங்க வரிசை?" ன்னு கேட்டேன். "ஏபிசிடி வரிசைதான் சார், என் பேரே கடைசியிலதானே இருக்கு" ன்னு சிரிச்சான். எப்பிடிப்பட்ட தந்திரம் பாருங்க! தன்னைக் கடைசியில போட்டுக்கிட்டு என்னை ஒரு நர்ஸம்மாவுக்குக் கீழ உக்கார வெக்கறான். நாளைக்கு அந்தக் காயிதத்தை ஊர்ல சட்டம் போட்டு மாட்டினா, என்ற மச்சான் முதல்ல எதைப் படிப்பான்? ஜெபக்கனிங்கறது ஆரு மாப்பிள்ளைம்பான். நான் கும்பிட்டுச் சொல்லிப்போட்டேன், "என்ற பேரு மேல வந்தாக் கையெழுத்து. இல்லைன்னா உங்க பாரத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க." மாத்தி எழுதறேன் சார், அதிலென்ன இருக்குன்னான். அப்பவும் அவ பேரு இருக்கும்னான். "எதுக்கு இருக்கோணும்? பிளாஸ்திரி ஒட்டினதுக்கா?" ன்னேன். அவன் அப்பத்தான் சிரிப்பை நிறுத்தினான். "அவங்க பேரை எடுத்தா அது பொய் சார்" ன்னான். எனக்குப் பாடம் எடுக்கறான்!

ஜெபக்கனியாவது கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிருக்கலாம். போடலை. "அண்ணாச்சி போட்டாத்தான் நானும் போடுவேன். அவுக இல்லாம எனக்கு மட்டும் எதுக்கு?" ன்னு பாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டா. நான் என்ன அவளைப் போட வேண்டாம்னா சொன்னேன்? புரொபசரு எட்டு மாசம் நடந்தான். ஊட்டுக்கு வந்தான், பழம் வாங்கிக்கிட்டு வந்தான், ஊட்டுக்காரியை விட்டுப் பேசச் சொன்னான். நான் அசையலை. கம்பெனிக்காரன் அங்க அவசரப்படுத்தறான். கடைசியில ஒரு நாள், சில்லு வரைக்கும் தன்னோடதுன்னு, பேட்டன்ட் ஆபீசுல அவன் பேரை மட்டும் போட்டுக் குடுத்துப்போட்டான். திருடன்! என்ற பேரும் இல்லை, அவ பேரும் இல்லை. எட்டு மாசம் நடிச்சிருக்கான் பாருங்க.

சேலமா? சேலம்தானுங்க. வடை வேண்டாங்களா? நீங்க காத்தாலயும் ஒண்ணும் சாப்பிடலையாட்ட இருக்குது.

கேளுங்க. இந்தப் பேட்டன்ட் சமாச்சாரம் வருசக்கணக்கா இழுக்கும். முந்துன வருசம் குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுது. நான் வக்கீலைப் புடிச்சு ஆட்சேபணை போட்டேன். வக்கீல் கேட்டாரு, "உங்க கண்டுபிடிப்புன்னு காட்ட, அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னால எழுத்துல ஏதாவது இருக்குதா?" இருக்குதேன்னு மலரை எடுத்து வெச்சேன். என்ற பேரு அச்சுல இருக்குதே! அவரு படிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாரு. "நாச்சிமுத்து, இதைக் குடுத்தா வேற ஒண்ணு நடக்கும். விண்ணப்பத்துக்கு முன்னாலயே இது அச்சுல வந்து ஊருக்கே தெரிஞ்சு போச்சுன்னு ஆகும். அப்ப இது புதுசே இல்லை. ஆருக்குமே பேட்டன்ட் கெடைக்காது. யோசிச்சுக்கங்க" ன்னாரு. நான் யோசிக்கவே இல்லை. குடுங்கன்னேன்.

அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி டப்பாவைக் கழட்டினேன். எவிடென்ஸ்ங்க. வக்கீல் போட்டோ போதும்னாரு. போட்டோவை எவன் நம்புவான்? வார்டுல இருந்த சிஸ்டருங்க பதறிப் போயிட்டாங்க. "அண்ணா, ரெண்டு நாள்ல திருப்பி மாட்டிருவீங்கல்ல?" ன்னாங்க. ஆமாம்மான்னேன். இன்னொண்ணாவது செஞ்சு குடுங்கன்னு கேட்டாங்க. அதெப்பிடிங்க செய்வேன்? என்ற பேரு வராம ஆருக்கு எதைச் செஞ்சு குடுக்கறது? நான் என்ன ஏமாளியா?

மாசி மாசம் மெட்ராஸ்ல விசாரணை. ஜெபக்கனி எனக்குச் சாட்சி சொல்லச் சாத்தான்குளத்துல இருந்து வந்தா. புருசனுக்குக் கை கால் விழுந்துருச்சு, அதனால அஞ்சு வருசம் முன்னாலயே வேலையை விட்டுட்டுப் போயிட்டா. அவரைப் பக்கத்து ஊட்டுல பாத்துக்கச் சொல்லிப்போட்டு, ராப்பூரா பஸ்ஸுல உக்காந்து வந்திருக்கா. தலை நரைச்சுப் போச்சு. அந்தப் பக்கத்து வக்கீல் மலரை அவ கையில குடுத்து, "இதை எழுதினது நீங்கதானே? இந்த யோசனை ஆருக்கு முதல்ல வந்துச்சு?" ன்னு கேட்டான். அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "எழுதினது நான்தான் சார். ஆனா அண்ணாச்சி செய்யலைன்னா அது வெறும் ரெண்டு பிளாஸ்திரிதான். அவுக பேரைப் போடுங்க. எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்" ன்னா.

பாத்தீங்களா? அவ வாயாலயே சொன்னாளா இல்லையா? வெறும் பிளாஸ்திரின்னு? அதை விசாரிச்ச பேட்டன்ட் ஆபீசர் எழுதிக்கவே இல்லைங்க!

இந்தா, தீர்ப்புக் காயிதம். பதினாலு பக்கம். பேட்டன்ட் இல்லைன்னுட்டாங்க. முன்னாலயே மலர்ல வந்துருச்சு, புதுசு இல்லைன்னு. திருடிட்டான்னு நான் சொன்னதும் நிரூபணம் ஆகலையாம். ஏன்னா, மூல யோசனை "செவிலியர் ஜெபக்கனி" யோடதுன்னு ஆதாரம் காட்டுதாம். நான் குடுத்த ஆதாரம்! எண்ணிப் பாத்தேன். அவ பேரு ஆறு இடத்துல இருக்குது. ரங்கப்பிரசாத்து பேரு பக்கத்துக்குப் பக்கம் இருக்குது. என்ற பேரு முதல் பக்கத்துல ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் எல்லா இடத்துலயும் "ஆட்சேபணைதாரர்". ஆட்சேபணைதாரர் சொல்கிறார், ஆட்சேபணைதாரர் தரவில்லை. பதினோரு வருசம் உசுரைக் குடுத்ததுக்கு எனக்கு வந்த பேரு அது.

ஓசூர்க் கம்பெனி கையைக் கழுவிக்கிச்சு. பேட்டன்ட் இல்லாத சாமானை எவன் வேணா செய்யலாம், நாங்க எதுக்கு முதல் போடோணும்னுட்டான். எவன் வேணா செய்யலாம்னா எவனும் செய்யலைங்க, அதுதான் நடந்துச்சு. ரங்கப்பிரசாத்து எனக்குப் போன் பண்ணினான். திட்டுவான்னு நெனைச்சேன். "சார், மூணு பேரும் சேந்து ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டோமே சார்" ன்னான். நான் வெச்சுட்டேன். நல்லா வேணும் அவனுக்கு. அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்னு சொன்னா நம்புவீங்களா? தூங்கலைங்க. அந்த ஆட்சேபணைதாரர்ங்கற வார்த்தை கண்ணு முன்னால வந்து வந்து நின்னுச்சு.

நேத்து வக்கீலைப் பாக்கத்தான் வந்தேன். அப்பீல் போடுங்கன்னேன். "இல்லாத பேட்டன்ட்டுல உங்க பேரை எங்க எழுதறது?" ன்னு கேக்கறாரு. வேற வக்கீல் பாக்கோணும். ஆள் இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க.

என்னங்க கேட்டீங்க? இப்ப வார்டுலயா? இப்பப் பழையபடிதான். வெறும் புரோப்புதான். பிளாஸ்திரி வித்தை தெரிஞ்ச பழைய சிஸ்டருங்கல்லாம் ஒவ்வொருத்தரா வெளியூரு, வெளிநாடுன்னு போயிட்டாங்க. புதுசா வந்தவங்களுக்கு ஆரு சொல்லிக் குடுத்தா? அது என்ற சோலி இல்லீங்களே.

ஏனுங்க எந்திரிக்கறீங்க? ஈரோடு இப்பத்தான் போச்சு. இறங்கி ஓடினாலும் ரயிலுக்கு முன்னால போக முடியாது, உக்காருங்க. நீங்களா எதையாவது கேள்விப்பட்டு வெக்கறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். போன ஆடியில ஒரு குழந்தை. அன்னூர்ப் பக்கம், மில்லுக்குப் போற சனம். ஏழரை மாசம், காமாலை. பட்டப்பகல்ல, பதினொரு மணிக்கு, மிசின் தொண்ணூத்தாறு காட்டிக்கிட்டே இருந்திருக்குது. பால் குடுக்கத் தூக்கின பொறகுதான் தெரிஞ்சிருக்குது. அதுக்கும் இந்த டப்பாவுக்கும் சம்பந்தம்னு எவனாவது எழுத்துல குடுக்கட்டும் பாக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கும். டாக்டருங்க இருந்தாங்க, சிஸ்டருங்க இருந்தாங்க. ஆனா வார்டுல அன்னையில இருந்து என்னைப் பாத்தா ஆரும் பேசறதில்லை. பல்பு மாத்தப் போனாக்கூட வாசல்லயே வாங்கிக்கறாங்க. நான் என்ன பண்ணினேன்? என்ற சாமானை நான் எடுத்தேன். அந்தப் பையன், குழந்தையோட அப்பன், உங்க வயசுதான் இருக்கும். என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, அந்த மிசின் ஏன் கத்தலை?" ன்னு கேட்டான். நான் மிசின் ரிப்பேர் பாக்கறவன்னு ஆரோ சொல்லியிருக்காங்க. மிசின்ல கோளாறு ஒண்ணும் இல்லை தம்பின்னேன். நெசம்தானுங்க. மிசின்ல கோளாறு இல்லை.

இதை நான் ஜெபக்கனிகிட்டச் சொல்லலை. விசாரணை முடிஞ்சு கோயம்பேட்டுல பஸ் ஏத்தி விட்டேன். சன்னல் வழியாத் தலையை நீட்டி, கேஸைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலைங்க அவ. "அண்ணாச்சி, அந்த டப்பா இன்னும் வார்டுல நல்லா ஓடுதுல்லா?" ன்னு கேட்டா. இந்தப் பை அப்பவும் என்ற தோள்லதான் இருந்துச்சு. ஓடுதும்மான்னு சொல்லிப்போட்டேன். அவ சிலுவை போட்டுக்கிட்டா. பஸ்ஸு போயிருச்சு. ஏனோ தெரியலை, அன்னையில இருந்து அவ போன் வந்தா நான் எடுக்கறதில்லை.

இன்னிக்குப் பொழுதோட நேரா வார்டுக்கா? டப்பாவோடவா? அதெப்பிடிங்க தம்பி. உங்க அவசரம் எனக்குப் புரியாம இல்லை. ஆனா அப்பீல் போடப் போறேன்னு இவ்வளவு நேரம் சொன்னனே. இதைத் திருப்பி மாட்டினா, நானே விட்டுக் குடுத்துட்டேன்னு ஆயிரும். நாளைக்குக் கேப்பான், எங்க உங்க எவிடென்ஸுன்னு. அழாதீங்க. ஆம்பளை, ரயில்ல, நாலு பேரு பாக்கறாங்க. கையெடுத்தெல்லாம் கும்பிடாதீங்க, எனக்குப் புடிக்காது. உங்க பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. பத்துக்கு ஒம்பது ஒண்ணும் ஆகாது.

என்னை அந்த மாதிரிப் பாக்காதீங்க. நான் பொய்க்காரனா? வேலை செய்யாத சாமானை வெச்சுக்கிட்டு நாடகம் ஆடறேன்னு நெனைக்கறீங்களா? வெரலைக் குடுங்க. குடுங்கன்னா. பேட்டரி போட்டுத்தான் வெச்சிருக்கேன், வாராவாரம் மாத்தறேன். இப்பிடி. சன்னல் பக்கம் திருப்புங்க. வெயில் அடிக்குதா? மரம் மறைக்குது, வெயில் வருது, மறுபடி மரம். நம்பர் அசையுதா பாருங்க. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தெட்டேதான். எத்தனை வெளிச்சத்துலயும் அசையாது. இதுக்கா பேரு இல்லைன்னுட்டான்?

கீழ இருக்கறது நாடி. தொண்ணூறு. நூத்தி ரெண்டு. ஏனுங்க இப்பிடி ஏறுது, உங்களுக்குப் பிரஷர் இருக்குதுங்களா? நூத்திப் பதினெட்டு. கையை உருவாதீங்க தம்பி, நடுங்காம வைங்க. நூத்தி முப்பத்தி நாலு.

பாத்தீங்களா, எவ்வளவு கரெக்டாக் காட்டுது.